புகைபோக்கி கற்பித்த பாடம்

திருக்கோணமலைப் புகையிரத நிலையத்தோடு தண்டவாளம் முடிந்துவிடுகின்றது. கல்லோயாச் சந்தியிலே மட்டக்களப்புப் பாதையை விட்டுப் பிரிந்து, கந்தளாய், தம்பலகாமம், சீனக்குடா ஆகிய ஊர்களைக் கடந்து வரும் இப்பாதை 1927ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. நீராவி எஞ்சின்கள் கரும்புகை கக்கிக்கொண்டு இக்காட்டு வழியிலே ஓடின. 1954இல் கனடா நாட்டு டீசல் எஞ்சின்கள் இலங்கைக்கு வந்தன. 1960களின் இறுதியில் நீராவி எஞ்சின்கள் அன்றாடச் சேவையிலிருந்து விடைபெற்றன. 'புகையிரதம்' என்ற பெயர் மட்டும் நம் நாவிலே நிலைத்துவிட்டது.

எமது மாணவன் ஒருவன் பால்மாத் தகரங்களையும் நூற்கட்டைகளையும் கொண்டு ஒரு நீராவி எஞ்சின் உருவத்தைச் செய்து வகுப்பறைக்குக் கொண்டுவந்தான். "சேர், உருளையில் வேலை முடித்த நீராவியை ஏன் புகைபோக்கிக்குள் விடுகிறார்கள்? வெளியே விட்டால் என்ன?" என்று கேட்டான்.

"பரீட்சை நெருங்குகிறது, முதலில் அதைக் கவனி" என்றோம். பையன் தகர எஞ்சினைத் துணியில் சுற்றி எடுத்துச் சென்றான். பின்பு பல நாள் அவன் எதுவுமே கேட்கவில்லை. உண்மை யாதெனில், அவன் வினாவுக்கு விடை எமக்குத் தெரியாது. தெரியாமையை அதட்டலால் மூடினோம். அது எம் மனத்தை உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் நிலையத்து வாங்கிலே ஒரு முதியவரைச் சந்தித்தோம். இளமையிலே நீராவி எஞ்சினில் பயர்மனாக இருந்தவர். பையனின் வினாவை அவரிடம் கேட்டோம்.

"அதுதான் ஐயா எஞ்சினின் மூச்சு" என்றார் அவர். வேலை முடித்த நீராவி புகைபோக்கி வழியே மேலெழும்போது, புகையையும் தன்னோடு இழுத்துச் செல்கின்றது. அந்த வெற்றிடத்தை நிரப்பப் புதிய காற்று நெருப்பினூடே பாய்கின்றது. தணல் கொழுந்துவிட்டு எரிகின்றது. ஏற்றத்திலே எஞ்சின் கூடுதலாக உழைக்கும்போது இழுப்பும் கூடும், நெருப்பும் ஓங்கும். சுமைக்கு ஏற்ற அனலை எஞ்சின் தானே தேடிக்கொள்கின்றது! இரண்டு உருளைகள் கொண்ட எஞ்சினில், சக்கரம் ஒருமுறை சுழல நான்கு மூச்சு. நம் குழந்தைகள் சட்டையைப் பிடித்துக்கொண்டு 'குச்சு குச்சு' என்று ஓடுகிறார்களே, அவ்வொலி இதுதான்.

1804இல் வேல்ஸ் நாட்டிலே 10 தொன் இரும்பை இழுத்த திரெவிதிக்கின் எஞ்சினும், 1829இல் இங்கிலாந்திலே போட்டியில் வென்ற ஸ்டீவன்சன்களின் 'ரொக்கெற்' எஞ்சினும் இந்த முறையையே கையாண்டன.

மறுநாள் வகுப்பிலே எழுந்து நின்று, "அன்று எமக்கு விடை தெரியாது, இன்று அறிந்து வந்தோம்" என்று கூறி விளக்கினோம். பையனின் முகம் மலர்ந்தது. உடனே அடுத்த வினா பிறந்தது: "அப்படியென்றால், வண்டி நிலையத்தில் நிற்கும்போது நெருப்பு எப்படி எரியும் சேர்?"

இம்முறை அதட்டவில்லை. மாலையில் அவனையும் அழைத்துக்கொண்டு நிலையத்துக்குச் சென்றோம். முதியவர் சிரித்தார். "நல்ல கேள்வி தம்பி! அதற்கென்று ஒரு தனிக் குழாய் உண்டு, கொதிகலனின் நீராவியைச் சிறிதளவு நேரே புகைபோக்கிக்குள் ஊதிவிடுவோம்" என்றார்.

கடுகண்ணாவையில் 2014இல் திறக்கப்பட்ட புகையிரத அரும்பொருட்காட்சிச்சாலையிலே பழைய எஞ்சின்களைக் காணலாம். ஆனால் இரும்பு வாய் திறந்து பேசாது. பேசக்கூடிய முதியவர்கள் உங்கள் தெருவிலும் இருக்கலாம். பிள்ளைகளை அழைத்துச் சென்று கேட்கச் செய்யுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்பது நன்று.