எட்டு வழிச்சாலையும் எங்க ஹாஸ்டல் சண்டையும்

போன ஞாயிறு ராத்திரி சேலத்தில் ஏறிய பஸ், செங்கல்பட்டு தாண்டுவதற்குள் விடிந்துவிட்டது. தூக்கமும் போய், முதல் பீரியடும் போய், ரூமுக்குள் நுழைந்தால் ரூம்மேட் சிரிக்கிறான். "நல்லா அனுபவிடா. எட்டு வழிச்சாலை போட்டிருந்தா மூணு மணி நேரத்துல வந்திருப்ப. கல்லைப் புடுங்கிப் போட்டது உங்க ஊர்க்காரங்கதானே?"

ஆமாம் சாமி, எங்க ஊர்க்காரங்கதான். பிடுங்கியதில் எங்க பெரியப்பாவும் ஒருத்தர். அன்றைக்கு மெஸ்ஸில் ஆரம்பித்த சண்டை இன்னும் முடியவில்லை. வாயில் சொல்லி வராததை இங்கே எழுதிவிடுகிறேன்.

மறந்து போனவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. 2018 பிப்ரவரியில் பாரத்மாலா திட்டத்தின் கீழ் அறிவித்தார்கள். 277 கிலோமீட்டர், சுமார் 10,000 கோடி ரூபாய். காஞ்சிபுரம், திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் என்று அஞ்சு மாவட்டம். இதில் ஒரு வேடிக்கை, பாரத்மாலா பட்டியலில் முதலில் இருந்தது சென்னை–மதுரை. பிறகுதான் அது சென்னை–சேலம் ஆனது. சேலத்துக்காரன் நானே சொல்கிறேன், எங்க ஊரில் யாரும் போய் இப்படி ஒரு ரோடு கேட்டதாக எனக்குத் தெரியாது.

ரூம்மேட்டின் முதல் வாதம், நேரம் மிச்சம். சரி, மிச்சம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் ஏற்கனவே ரெண்டு ரோடு இருக்கிறதே? ஒன்று விழுப்புரம், உளுந்தூர்பேட்டை வழி, இன்னொன்று வேலூர், கிருஷ்ணகிரி வழி. உளுந்தூர்பேட்டையிலிருந்து சேலம் வரைக்கும் நாலு வழிச்சாலை என்று சொல்லி டோல் வாங்கினார்கள். ஆனால் ஊருக்கு ஊர் போட்ட பைபாஸ் எல்லாம் ரெண்டே வழி. நாலு வழியில் நூறில் வருகிற வண்டி திடீரென்று எதிர் வண்டியோடு ஒரே தடத்தில் போகணும். கள்ளக்குறிச்சி, ஆத்தூர் பக்கம் அந்த பைபாஸ்களில் போன உயிர்களைப் பற்றி பேப்பரில் எத்தனை தடவை படித்திருப்போம்! அதை அகலப்படுத்தும் வேலை வருஷக்கணக்கில் இழுத்தது. இருக்கிற ரோட்டை முழுசாகப் போடாதவர்களுக்குப் புது ரோட்டுக்கு மட்டும் எப்படி அவ்வளவு அவசரம் வந்தது?

"ரோடு வந்தா உங்க கிராமமே முன்னேறும்" என்பது அடுத்தது. இதைச் சொல்கிறவர்கள் அது என்ன மாதிரி ரோடு என்று பார்க்கவே இல்லை. நம்ம ஊர் ரோடு மாதிரி ஓரத்தில் டீக்கடை போட்டு, இளநி விற்கிற ரோடு இல்லை அது. நினைத்த இடத்தில் ஏற முடியாது, இறங்க முடியாது. குறிப்பிட்ட இடங்களில் மட்டும்தான் வழி. பெரியப்பா தோட்டம் நாலு ஏக்கர். அளந்து முட்டுக்கல் நட்டது ஒண்ணேகால் ஏக்கரில்தான். ஆனால் கிணறு அதற்குள் போய்விட்டது. கிணறு போனால் மீதி நிலத்தில் தென்னைக்கும் பாக்குக்கும் தண்ணி எங்கிருந்து வரும்? மானாவாரிதான்.

"அதுக்குத்தான் காசு தர்றாங்களே" என்கிறான். தருகிறார்கள். சந்தை மதிப்பு போட்டு, அதே அளவு ஆறுதல் தொகையும் உண்டு. மீதி நிலத்துக்கு வரும் சேதத்துக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் மதிப்பைப் போடுவது நிலத்தை எடுக்கும் அதிகாரி. அது போதாது என்றால் நடுவரிடம் போகலாம். அந்த நடுவரை நியமிப்பது யார்? மத்திய அரசு. அதாவது நிலம் கேட்கிற ஆளே பஞ்சாயத்துக்காரரையும் கூட்டிக்கொண்டு வருவார் :)

எனக்கு உண்மையிலேயே கோபம் வருவது இந்த இடத்தில்தான். 2013ல் வந்த நிலமெடுப்புச் சட்டத்தில் சமூகத் தாக்க ஆய்வு என்று ஒன்று வைத்தார்கள். நிலம் எடுக்கும் முன்னால் அதனால் யாருக்கு என்ன போகும், அந்தத் திட்டம் தேவைதானா என்று ஊரிலேயே உட்கார்ந்து கேட்கணும். அதே சட்டத்தின் 105வது பிரிவு, தேசிய நெடுஞ்சாலைச் சட்டத்துக்கு அதிலிருந்து விலக்கு கொடுத்துவிட்டது. 1956ம் வருஷத்துச் சட்டப்படி அறிவிப்பு வந்து 21 நாளுக்குள் ஆட்சேபணை கொடுக்கலாம், அவ்வளவுதான். ஆக பெரியப்பாவிடம் கேட்பது "எவ்வளவு வேணும்?" என்பது மட்டும். "ரோடு வேணுமா?" என்று கேட்க யாருக்கும் கடமையில்லை. கேட்டிருந்தால் கல்லைப் பிடுங்க என்ன அவசியம்?

2019 ஏப்ரல் 8ல் சென்னை உயர்நீதிமன்றம் நிலமெடுப்பு அறிவிப்புகளை ரத்து செய்தபோது எங்க ஊரில் வெடி வெடித்தார்கள். 2020 டிசம்பர் 8ல் உச்சநீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. சுற்றுச்சூழல் அனுமதி வாங்காமலே நிலமெடுப்பு அறிவிப்பு வெளியிடலாம், ஆனால் அனுமதி வாங்காமல் வேலை ஆரம்பிக்கக் கூடாது. பட்டாவில் அவசரமாகப் பேர் மாற்றியது மட்டும் செல்லாது. பேர் திரும்பிவிட்டது, ரோடும் வரவில்லை. ஆனால் வரவே வராது என்று எழுதிக் கொடுக்கவும் யாரும் இல்லை. பெரியப்பா புதுசாக ஒரு தென்னங்கன்று வைக்கணும் என்றால்கூட ரெண்டு தடவை யோசிக்கிறார்.

கட்சிகளைப் பற்றி என்ன சொல்ல! வழக்குப் போட்ட பா.ம.க.வே தீர்ப்பு வருவதற்கு முன்னால், 2019 பிப்ரவரியில், ரோடு போட்டே தீருவேன் என்று நின்ற அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்துக்கொண்டது. அது தனிக்கதை, இன்னொரு நாள் திட்டிக்கொள்ளலாம்.

எங்க ஆட்களும் ஒரு விஷயத்தில் ஜல்லியடிக்கிறார்கள். "எந்த ரோடும் வேண்டாம், பழையபடியே இருப்போம்" என்று மைக்கில் பேசுகிறவர்கள் எல்லாம் கூட்டம் முடிந்து நாலு வழிச்சாலையில்தான் கார் ஏறிப் போகிறார்கள். ரோடு வேணும். அரூர் வழியாகப் போகிற ரோட்டைச் சரி பண்ணினால் எங்க பக்கம் யாரும் கல்லைத் தொட மாட்டார்கள்.

நேற்று ராத்திரி இதையெல்லாம் ரூம்மேட்டிடம் சொன்னேன். முழுசாகக் கேட்டான். "சரிடா, உங்க பெரியப்பாவுக்குக் கிணறும் வெட்டிக் கொடுத்து, ரெட்டிப்புக் காசும் கொடுத்தா?" என்றான். ஊருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். பெரியப்பா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அதை வந்து எங்கிட்ட கேக்கச் சொல்லு கண்ணு, அப்புறம் யோசிக்கலாம்" என்றார்.