இரண்டாவது மாதிரிக்கும் பரிசு வேண்டும்

சென்னையிலிருந்து நெல்லூர் செல்லும் பெருஞ்சாலையில் தமிழ்நாட்டின் எல்லையைக் கடந்ததும் வரும் ஊர் தடா. நெடுங்காலம் நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த இவ்வூர், 2022ஆம் ஆண்டு மாவட்டங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பட்டது. தெலுங்கும் தமிழும் கலந்து வழங்கும் இப்பிரதேசத்தின் மேற்கே ஸ்ரீ சிட்டி தொழில் நகரம் எழுந்துள்ளது. அங்கே 2013 முதல் தகவல் தொழில்நுட்ப உயர்கல்விக் கழகம் ஒன்றும் இயங்கி வருகிறது. கிழக்கே பழவேற்காடு ஏரி. ஏரிக்கு அப்பால் ஸ்ரீஹரிகோட்டா ராக்கெட் தளம். விண்வெளி விஞ்ஞானமும், தோணியும் வலையுமே முதலாகக் கொண்ட வாழ்க்கையும் இத்துணை அருகருகே அமைந்த இடங்கள் நாட்டில் அதிகம் இல்லை. இளைஞர்களின் கண்டுபிடிப்புகளை எவ்வாறு பாராட்டுவது என்ற கேள்வியை ஆராய்வதற்குத் தடா பொருத்தமான இடமாகும்.

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் தேதி, இந்த ஏரிக்கு அப்பாலிருந்து சிறு செயற்கைக்கோள்களை ஏவுவதற்கென்று அமைக்கப்பட்ட புதிய ராக்கெட் தன் முதற் பயணத்தை மேற்கொண்டது. அது தாங்கிச் சென்றவற்றுள் ஒன்று ‘ஆசாதிசாட்’. நாட்டின் பல பகுதிகளிலுள்ள அரசுப் பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவியர் அதன் சிறு கருவிகளை உருவாக்குவதில் பங்கு கொண்டிருந்தனர். ராக்கெட் நன்றாகவே எழும்பிற்று. ஆனால் வேக மாற்றத்தை அளக்கும் உணர்கருவிகளின் அளவீடு இடையில் பிறழ்ந்தமையால் கோள்கள் வேண்டிய பாதையில் சேராமல் தாழ்ந்த பாதையில் விடப்பட்டுப் பயனற்றுப் போயின. விஞ்ஞானிகள் காரணத்தை ஆராய்ந்தனர்; குறையைத் திருத்தினர். 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 10ஆம் தேதி, அதாவது ஆறே மாதங்களில், அதே இன ராக்கெட்டில் ‘ஆசாதிசாட்-2’ வெற்றியுடன் விண்ணில் சேர்க்கப்பட்டது.

இந்நிகழ்ச்சியில் பெரிதும் கவனிக்கத்தக்கது அந்த ஆறு மாத காலமே. தோல்வியுற்ற ராக்கெட்டுக்கு இரண்டாவது பயணம் உண்டு என்பதை எவரும் ஐயுறவில்லை. ஆனால் பள்ளிப் பொருட்காட்சியில் ஒரு மாணவன் செய்து வைக்கும் சாதனத்துக்கு அத்தகைய இரண்டாவது வாய்ப்பு கிடைக்கிறதா? பெரும்பாலும் இல்லை. நடுவர்கள் வருகின்றனர், மதிப்பெண் இடுகின்றனர், கேடயம் வழங்கப்படுகிறது, புகைப்படம் எடுக்கப்படுகிறது. மறுநாள் அச்சாதனம் ஆய்வுக்கூடத்தின் அலமாரிக்கு மேலே ஏற்றப்படுகிறது. அது யாருக்காகச் செய்யப்பட்டதோ அவர் அதைக் கையால் தொட்டுப் பார்த்திருக்கவும் மாட்டார்.

ஆதலால் இளைஞர்க்கு வழங்கும் பரிசுகளில் ஒரு பகுதியேனும், முதல் மாதிரியை உபயோகித்துப் பார்த்து, குறை கண்டு, திருத்திச் செய்த இரண்டாவது மாதிரிக்கு ஒதுக்கப்பட வேண்டும். சுற்றுப்புறத்துக்குக் கேடு விளைவிக்காத, எளியோருக்கு நன்மை தரும் தொழில்நுட்பத்தைப் பொறுத்தமட்டில் இது இன்றியமையாதது. ஒரு சாதனம் நேர்மையானதா, நெடுநாள் நிற்கக் கூடியதா என்பது மேடையில் தெரிவதில்லை, உபயோகத்தில்தான் தெரியும்.

தமிழ்நாட்டில் பலரும் அறிந்த ஓர் உதாரணத்தை எடுத்துக் கொள்ளலாம். திருவண்ணாமலையைச் சேர்ந்த செல்வி வினிஷா உமாசங்கர், பள்ளிச் சிறுமியாக இருந்தபோது தம் தெருவில் துணி தேய்ப்பவர் எரிந்து தீர்ந்த கரியைக் கொட்டுவதைக் கண்டார். அக்காட்சியிலிருந்து சூரிய சக்தியால் இயங்கும் இஸ்திரி வண்டி என்ற எண்ணம் பிறந்தது. 2019இல் அதற்கு அப்துல் கலாம் பெயரால் வழங்கப்படும் ‘இக்னைட்’ விருது கிடைத்தது. குஜராத்திலுள்ள தேசியப் புத்தாக்க அறக்கட்டளையின் பொறியாளர்கள் அந்த எண்ணத்தைச் செயல்படும் வண்டியாக அமைத்துக் கொடுத்தனர். 2020இல் ஸ்வீடன் நாட்டின் குழந்தைகள் பருவநிலைப் பரிசும் அவருக்குக் கிட்டியது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ நகரில் நடைபெற்ற உலகப் பருவநிலை மாநாட்டில் அவர் உரையாற்றினார்.

இச்செய்திகள் பாடசாலைகளில் அடிக்கடி சொல்லப்படுகின்றன. சொல்லப்படாதது கணக்கு. உண்மையில் ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சிக் கணக்கு கிடைப்பது அரிது. இஸ்திரி வண்டி ஒன்றில் நாளொன்றுக்குச் சுமார் 5 கிலோ கரி எரிகிறது என்று கொள்வோம். ஒரு கிலோ நல்ல கரி எரிந்தால் ஏறத்தாழ 3 கோடி ஜூல் வெப்பம் வெளிப்படும். ஆக மொத்தம் 15 கோடி ஜூல். மின்சாரக் கணக்கில் சொன்னால் இது 40 யூனிட்டுக்கும் மேல். இனி, வண்டியின் கூரையில் 2 சதுர மீட்டர் பரப்புள்ள சூரியத் தகடு பொருத்தப்படுகிறது. உச்சி வெயிலில் சதுர மீட்டருக்கு 1000 வாட் சக்தி விழுகிறது. தகடு அதில் ஐந்தில் ஒரு பங்கை மின்சாரமாக மாற்றும். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் கிடைப்பது 2 யூனிட். பாட்டரியில் ஏற்படும் இழப்பு வேறு.

கரியின் சக்தியில் இருபதில் ஒரு பங்குதானா, இதைக் கொண்டு எப்படித் துணி தேய்ப்பது என்று மாணவர் கேட்பர், கேட்க வேண்டும். கரிப்பெட்டி தன் வெப்பத்தில் பெரும் பகுதியைக் காற்றில் இழக்கிறது. துணி மடிக்கும்போதும், வாடிக்கைக்காரரிடம் பேசும்போதும் கரி எரிந்து கொண்டே இருக்கிறது. அதன் புகையில், நிறமும் மணமும் இல்லாத நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடும் கலந்துள்ளது. மின்சாரப் பெட்டியோ அடித்தகடு சூடேறியதும் தானே நின்று, ஆறியதும் மீண்டும் இயங்கும். 1000 வாட் பெட்டி, நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் மின்சாரம் இழுத்தால் 2 யூனிட்டில் ஆறு மணி நேரம் வேலை நடக்கும். ஐந்து மணி நேர வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம் என்று அவ்வண்டியைப் பற்றிக் கூறப்பட்டது இக்கணக்குடன் பொருந்துகிறது.

கணக்கு பொருந்திவிட்டால் வேலை முடிந்ததா? கார்த்திகை மாதத்தில் மூன்று நாள் விடாமல் மழை பெய்தால் வண்டி என்ன செய்யும்? வெயில் இல்லாத வேளையில் முன்னரே மின்னேற்றிய பாட்டரியையோ, வீட்டு மின்சாரத்தையோ, டீசல் யந்திரத்தையோ உபயோகிக்கலாம் என்று அவ்வமைப்பில் ஏற்பாடு செய்யப்பட்டுள்ளது. நேர்மையான ஏற்பாடுதான், ஆயினும் டீசல் என்ற சொல் வரும்போது கரியை விட்ட காரணமே சற்று மங்கிப் போகிறது. பாட்டரி சில ஆண்டுகளில் சக்தி இழக்கும். அப்போது புதியது வாங்கப் பணம் யார் தருவது? கம்பி அறுந்தால் உள்ளூர்ச் சைக்கிள் கடைக்காரரால் சரி செய்ய முடியுமா? தொலைபேசிகளுக்கு மின்னேற்றிக் கொடுத்து உபரி வருமானம் பெறலாம் என்று ஒரு வசதி சேர்க்கப்பட்டுள்ளது. கைபேசி இல்லாத வீடே அரிதாகிவிட்ட தெருக்களில் அதற்கு வாடிக்கை உண்டா? இக்கேள்விகளுக்கு விடை கூறும் தகுதி நடுவருக்கு இல்லை. ஓராண்டு அந்த வண்டியைத் தள்ளிய தொழிலாளிக்கே உண்டு. இவற்றைக் கேட்பது அச்சிறுமியின் பெருமையைக் குறைப்பதாகாது. தெருவில் எல்லோரும் பார்த்த ஒன்றை அவர் கவனித்தார். அக்கவனத்தைத் தொடர்ந்து கொண்டு செல்லும் பொறுப்பு பெரியவர்களுடையது.

ஆப்பிரிக்காவில் மலாவி நாட்டைச் சேர்ந்த வில்லியம் காம்க்வாம்பாவின் வரலாறு இதற்குத் துணை நிற்கிறது. பஞ்ச காலத்தில் கட்டணம் செலுத்த இயலாமல் பள்ளியை விட்ட அச்சிறுவர், ஊர் நூலகத்தில் ஓர் ஆங்கிலப் பாடநூலைக் கண்டு, படங்களின் துணையாலேயே அதைப் புரிந்துகொண்டு, 2002 வாக்கில் காற்றாலை ஒன்றை அமைத்தார். மரக்கம்பங்களும் பழைய சைக்கிள் உறுப்புகளுமே மூலப்பொருள். உலகம் பேசுவது அந்த முதற் காற்றாலையைப் பற்றி. அவரோ அதனுடன் நிற்கவில்லை. முதலில் மூன்று இறக்கைகள் இருந்தன. பிறகு நான்காவதைச் சேர்த்தார். மரங்கள் காற்றை மறிப்பதைக் கண்டு, 5 மீட்டர் உயரக் கோபுரத்தை 12 மீட்டராக உயர்த்தினார். அவருக்குப் பரிசு கொடுத்து நிறுத்த அப்போது எவரும் இல்லாதது ஒரு விதத்தில் நன்மையே ஆயிற்று.

நம் நாட்டிலும் இதற்கான வழிகள் இல்லாமற் போகவில்லை. மத்திய விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் ‘இன்ஸ்பயர் மானக்’ திட்டத்தில் பள்ளிகள் மாணவரின் எண்ணங்களை அனுப்புகின்றன. தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவருக்கு மாதிரி செய்ய 10,000 ரூபாய் வழங்கப்படுகிறது. நல்ல திட்டம். எனினும் இத்தொகையைக் கொண்டு கடையில் ஆயத்தமாகக் கிடைக்கும் மாதிரியை வாங்கி வந்து, அதன்மேல் மாணவன் பெயரை ஒட்டி வைக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு என்பதை ஆசிரியர்கள் அறிவர். இவ்வழக்கத்தைத் தடுக்கச் சுற்றறிக்கைகள் போதா. ‘இதை யார் உபயோகித்தார்? அவர் என்ன குறை சொன்னார்? எதை மாற்றினீர்?’ என்ற மூன்று வினாக்களை நடுவர் கேட்டால் போதும். கடைச் சரக்கு தானே வெளிப்பட்டுவிடும்.

பரீட்சைச் சுமை மிகுந்த குழந்தைகளை ஒரே சாதனத்துடன் இரண்டாண்டு கட்டிப்போடலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். ஆனால் இரண்டாவது மாதிரியை அதே மாணவன் செய்ய வேண்டும் என்ற நியதி இல்லை. மூத்த வகுப்பு விட்டுச் சென்றதை இளைய வகுப்பு ஏற்கலாம். முதல்வர் பெயரும் அடுத்தவர் பெயரும், சோதித்துப் பார்த்த தொழிலாளியின் பெயரும் ஒரே குறிப்பேட்டில் இடம்பெற வேண்டும். தொழிலாளி செலவிட்ட நேரத்துக்கு ஊதியமும் தர வேண்டும். பிறர் உழைப்பை இலவசமாகப் பெற்றுச் செய்த கண்டுபிடிப்பை நேர்மையானது என்று அழைப்பது கடினம்.

களப் பணியாளரின் உதவி இங்கேதான் தேவைப்படுகிறது. எந்த வீட்டில் எந்த வேலை உடலை வருத்துகிறது என்பது அவருக்குத் தெரியும். எந்த மாணவனுக்குக் கைத்திறன் உண்டு என்பது ஆசிரியருக்குத் தெரியும். இவ்விருவரும் ஆண்டுக்கு ஒருமுறை கூட ஓரிடத்தில் அமர்ந்து பேசும் ஏற்பாடு பல ஊர்களில் இல்லை.

பழவேற்காட்டு ஏரிக்கரையில் சிறு மீனையும் இறாலையும் மணலிலோ தரையிலோ பரப்பி உலர்த்துவது வழக்கம். மணல் ஒட்டுகிறது, ஈ மொய்க்கிறது, காகம் கொத்துகிறது, திடீர் மழை அத்தனையையும் கெடுக்கிறது. மூங்கிற் சட்டமும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் விரிப்பும், கீழே காற்று புகவும் மேலே ஈரம் வெளியேறவும் இரண்டு வாயில்களும் இருந்தால் சூரிய உலர்த்திப் பெட்டி ஒன்றைத் தடாவிலுள்ள எந்த உயர்நிலைப் பள்ளியும் செய்துவிடலாம். உலர்த்துவதற்கு முன்னும் பின்னும் மீனை நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு நீர் போயிற்று என்பது தெரியும். அதே நாளில் மணலில் காய்ந்ததையும் நிறுத்து ஒப்பிட வேண்டும். விரிப்பு எத்தனை மாதம் தாங்குகிறது, கிழிந்த பிளாஸ்டிக் ஏரியில் சேராமல் எங்கே போகிறது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். ஜூன் மாதத்தில் பள்ளி திறந்ததும் தொடங்கினால் ஆகஸ்டுக்குள் முதற் பெட்டி கரையில் நிற்கும். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வந்து அதைச் சோதிக்கும். மீன் உலர்த்தும் பெண்கள் சொல்லும் குறைகளைக் குறித்துக்கொண்டு, பொங்கல் விடுமுறை முடிந்ததும் இரண்டாவது பெட்டிக்கு மூங்கில் வெட்டலாம்.