ஒப்பிட்டுப் பார்த்தாலும் சூது சூதுதான்

கிரிக்கெட் சீசன் தொடங்கிவிட்டால் மும்பை லோக்கல் ரயிலிலும், தாராவி டீக்கடைகளிலும் ஆட்டத்தைப் பற்றிய பேச்சோடு 'பாவ்' பற்றிய பேச்சும் அடிபடுகிறது. எந்தத் தளத்தில் எந்த அணிக்கு என்ன விகிதம் என்று ஒரே திரையில் காட்டும் 'எக்ஸ்டென்ஷன்' ஒன்றைச் செல்போன் பிரௌசரில் பொருத்திக்கொண்டால் நஷ்டமே வராது என்கிறார்கள் விவரம் தெரிந்த இளைஞர்கள். விவரம் தெரியாத மூத்தவர்களுக்கும் அவர்களே பொருத்தித் தருகிறார்கள். இது உதவியா, உபத்திரவமா?

இந்த ஊருக்குச் சூதாட்டம் புதிதல்ல. நியூயார்க் பருத்திச் சந்தையின் தொடக்க விலை, முடிவு விலை மீது பணம் கட்டுவதில் ஆரம்பித்ததுதான் மட்கா. 1960களில் அது பானையிலிருந்து சீட்டு எடுப்பதாக மாறியது. மில் தொழிலாளியின் கூலி அந்தப் பானைக்குள் போனது. இன்று பானை சட்டைப் பைக்கே வந்துவிட்டது. வித்தியாசம் அவ்வளவே.

கணக்கைப் பார்ப்போம். சம பலமுள்ள இரு அணிகள் மோதுகின்றன. நியாயமான விகிதம் 2.00. அதாவது 100 ரூபாய் கட்டி ஜெயித்தால் 200 ரூபாய். ஆனால் புக்கி கொடுப்பதோ 1.90. கட்டிய ஒவ்வொரு 100 ரூபாயிலும் சராசரியாக 5 ரூபாய் அவன் பங்கு. ஒப்பிட்டுப் பார்த்து 1.95 தரும் இடத்தில் கட்டினால் இரண்டரை ரூபாய் போகும். திரும்பி வருவதை மீண்டும் மீண்டும் பத்து முறை கட்டினால், 1.90 விகிதத்தில் 100 ரூபாய் சராசரியாக 60 ரூபாயாகிறது, 1.95 விகிதத்தில் 78 ரூபாயாகிறது. ஓட்டைப் பானையின் ஓட்டை சிறிதாகிறதே தவிர, அடைபடுவதில்லை.

சில சமயம் இரு தளங்களின் விகித வேறுபாட்டால் இரு பக்கமும் கட்டி லாபம் பார்க்க முடியும் என்பது உண்மைதான். ஆனால் தொடர்ந்து ஜெயிப்பவரின் கணக்கைப் புக்கிகள் கட்டுப்படுத்திவிடுவார்கள். தோற்பவருக்குத்தான் கதவு எப்போதும் திறந்திருக்கும். இப்படி ஒப்பிட்டுக் காட்டுபவர்களில் பலருக்கு, ஆள் சேர்த்துவிடுவதற்காகப் பந்தயத் தளங்களே கமிஷன் தருகின்றன என்பதையும் மறக்கக்கூடாது.

மற்றோர் ஆபத்தும் உண்டு. பொருத்தும்போது, பார்க்கும் பக்கங்களிலுள்ள விவரங்களைப் படிக்கவும் மாற்றவும் அனுமதி கேட்கும். படிக்காமலே சம்மதம் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அதே பிரௌசரில் வங்கிக் கணக்கைத் திறந்தால், முன்பின் தெரியாதவனிடம் பாஸ்புக்கைக் கொடுத்தது போலத்தான். பணமோ யார் யார் கணக்குக்கோ போகிறது. அந்தக் கணக்கு மோசடி வழக்கில் சிக்கினால், அதோடு கொடுக்கல் வாங்கல் வைத்த சம்பளக் கணக்கும் முடக்கப்படலாம்.

பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்யும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் பாராளுமன்றம் நிறைவேற்றியது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, 1 கோடி ரூபாய் வரை அபராதம். விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது அது. வெளிநாட்டிலிருந்து நடத்தப்படும் தளத்தில் பணம் மாட்டிக்கொண்டால் எந்தப் போலீஸ் நிலையத்தில் போய்க் கேட்பது?

கைத்தொழில் போல் செல்போனைக் கற்ற இளைஞர்கள் அந்தத் திறமையை வேறு வழியில் காட்டலாம். எழுதப் படிக்கச் சிரமப்படும் சக தொழிலாளிக்கு ரயில் டிக்கெட் முன்பதிவு, பி.எப். இருப்பு பார்ப்பது, ஊருக்குப் பணம் அனுப்புவது எல்லாம் சொல்லிக் கொடுக்கலாம். மாதம் பிறந்தால் பணம் வரும் என்று ஊரில் ஒரு குடும்பம் காத்திருக்கிறது. அந்தப் பணத்தை எந்த விகிதத்திலும் பந்தயத்தில் வைக்கக்கூடாது.