ஏழரை நிமிடத் தேநீர் இடைவேளை

தொழிலகத்தில் எழும் எந்தச் சிக்கலையும் மேலாண்மைக் கோட்பாட்டைக் கொண்டு தீர்த்துவிடலாம் என்று மேலாண்மைக் கல்லூரிகள் போதித்து வருகின்றன. அக்கோட்பாடு முழு அளவில் நடைமுறைக்கு வந்த ஓர் ஆலையை, ஹரியானாவின் மானேசரிலுள்ள மாருதி சுசுகி ஆலையை, இங்கே கருதிப் பார்க்கலாம்.

ஜப்பானிய உற்பத்தி முறையின் தலைச்சொல் ‘கைசன்’. மேலான மாற்றம் என்பது அதன் பொருள். உற்பத்தி வரிசையில் நிற்பவரே தம் வேலையைச் செம்மைப்படுத்தும் யோசனைகளைத் தர வேண்டும் என்கிறது அம்முறை. கேட்பதற்கு ஜனநாயகமாகத்தான் இருக்கிறது. ஆனால் திருகாணியை எடுக்க இரண்டடி குறைவாக நடக்கும் வழியைச் சொன்னால் பாராட்டு. தேநீர் இடைவேளையை நீட்டுங்கள் என்றால் அது யோசனையாகாது, ஒழுங்கீனமாகிவிடும்.

அந்த இடைவேளை ஏழரை நிமிடம். அதற்குள் வரிசையை விட்டு வந்து, கழிவறைக்குச் சென்று, தேநீர் அருந்தி, மீண்டும் தம் இடத்தில் நின்றாக வேண்டும். தின்பண்டத்தைக் கையில் ஏந்தியபடியே கழிவறைக்கு ஓடியதாகத் தொழிலாளர்கள் அன்று கூறினர். விடுப்பு எடுத்தால் ஊக்கத்தொகையில் வெட்டு விழும். ஊதியத்தில் கணிசமான பகுதியே அந்த ஊக்கத்தொகைதான். அருகில் நின்று அதே வேலையைச் செய்த ஒப்பந்தத் தொழிலாளிக்குக் கிடைத்ததோ அதனினும் மிகக் குறைவு.

2011 ஜூனில் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கோரி 13 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. ஆகஸ்ட் இறுதியில் நிர்வாகம் ‘நன்னடத்தைப் பத்திரம்’ ஒன்றை நீட்டியது. (குற்றவியல் சட்டத்திலிருந்து எடுத்த சொல், கைசன் அகராதியில் இல்லாதது.) கையெழுத்திட மறுத்தோர் 33 நாட்கள் வாயிலுக்கு வெளியே நிறுத்தப்பட்டனர்.

2012 ஜூலை 18 அன்று மூண்ட மோதலிலும் தீயிலும் மனிதவள மேலாளர் ஒருவர் உயிரிழந்தார். அம்மரணத்தை எக்காரணம் கூறியும் நியாயப்படுத்த இயலாது. அதைக் காட்டி 546 நிரந்தரத் தொழிலாளர்கள் நீக்கப்பட்டதையும் நியாயப்படுத்த இயலாது. வழக்கில் சேர்க்கப்பட்ட 148 பேரில் 117 பேரை 2017 மார்ச்சில் நீதிமன்றமே விடுவித்தது. அதற்குள் அவர்களில் பலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் கிடந்துவிட்டனர். 31 பேர் தண்டிக்கப்பட்டனர். 13 பேருக்கு ஆயுள் தண்டனை.

மேலாண்மை அறிவியல் முழுவதையும் தூக்கியெறிய வேண்டியதில்லை. டெய்லர் முறை மனிதனை இயந்திரத்திற்கு அடிமையாக்குகிறது என்று 1914இல் எழுதிய லெனின், 1918இல் அதிலுள்ள அறிவியல் கூறுகளைக் கற்கச் சொன்னார். இதில் முரண்பாடில்லை. மிச்சப்படும் நொடி முதலாளியின் லாபமாகிறதா, உழைப்பவரின் ஓய்வாகிறதா என்பதை எந்தக் கடிகாரமும் முடிவு செய்வதில்லை. சங்கத்தின் வலிமை முடிவு செய்கிறது.

அந்த வலிமையைத்தான் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத்தொகுப்புகள் குறிவைக்கின்றன. இனி எந்தத் தொழிலகத்திலும் வேலைநிறுத்தத்திற்கு 14 நாள் முன்னறிவிப்பு வேண்டும். 300 பேருக்குக் குறைந்த ஆலைகளில் ஆட்குறைப்புக்கு அரசின் அனுமதி வேண்டியதில்லை. நிர்வாகங்கள் ‘யோசனைக் கூட்டம்’ நடத்தும் ஆலைகளில் நம் தோழர்கள் அதைப் புறக்கணிக்காமல் பங்கேற்க வேண்டும். இடைவேளை நேரத்தையும் ஒப்பந்தத் தொழிலாளரின் சம ஊதியத்தையும் முதல் இரு யோசனைகளாக எழுத்து வடிவில் பதிவு செய்து, நிர்வாகம் தரும் பதிலை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.