மடிக்கணினி மௌனம் சாதித்தால்...

இரவு பத்து மணி வரை சமர்த்தாக வேலை செய்த லேப்டாப், காலையில் பொத்தானை அழுத்தினால் வாயே திறப்பதில்லை. விளக்கும் இல்லை, விசிறியின் ஓசையும் இல்லை. உடனே வீட்டில் இரண்டு தீர்ப்புகள் பிறந்துவிடும். "பழசுதானே, எடைக்குப் போடு!" என்பார் வீட்டுக்காரர். "ஐயோ, என் சர்டிபிகேட் எல்லாம் அதில்தானே இருக்கிறது!" என்று கண் கலங்குவாள் பெண். இந்த இருவருக்கும் நடுவில் நிற்கும் உங்களுக்காகத்தான் சகோதரி, இந்த வாரப் பகுதி.

திருவள்ளூர் மாவட்டத்து வாசகிகளுக்கு இது அந்நிய விஷயமல்ல. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தொடங்கியதே அந்த மாவட்டத்துக் காக்களூரில்தான். அதே மாவட்டத்தின் ஆந்திர எல்லையில் இருக்கிறது பள்ளிப்பட்டு. அங்கே பிளஸ் டூ படித்த அக்காள் கொண்டுவந்த கணினி, பத்து வயதைத் தாண்டிய பின்னும் தம்பி தங்கை கைக்கு மாறி உழைத்துக்கொண்டிருந்தால் ஆச்சரியமில்லை. அது படுத்துவிட்டால், திருத்தணிக்கோ நகரிக்கோ பஸ் ஏறுமுன் ஒரு அரை மணி நேரம் செலவிட்டுப் பாருங்கள்.

முதலில் கணினியை விட்டுவிட்டுச் சுவரைச் சந்தேகியுங்கள். அதே பிளக்கில் செல்போன் சார்ஜரைச் செருகினால் மின்சாரம் வருகிறதா என்பது தெரிந்துவிடும். அடுத்தது சார்ஜர். அதில் சின்ன விளக்கு இருந்தால் எரிகிறதா, வயர் எங்காவது மடிந்து நைந்திருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்த வீட்டுச் சார்ஜரை இரவல் வாங்கலாம். ஆனால் அதன்மேல் அச்சிட்டிருக்கும் வோல்ட் அளவு உங்களுடையதைப் போலவே இருக்க வேண்டும், ஆம்பியர் குறையக் கூடாது, முனையும் சரியாகப் பொருந்த வேண்டும்.

இனி வைத்தியத்துக்கு வருவோம். சார்ஜரைப் பிடுங்குங்கள். அடிப்பக்கத்தில் கழற்றும் வகைப் பாட்டரி என்றால் அதையும் எடுத்துவிடுங்கள். பிறகு பொத்தானை முப்பது விநாடி விடாமல் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கி நின்று தகராறு செய்யும் மிச்ச மின்சாரம் இதனால் வடிந்துவிடும். பாட்டரியைப் போடாமல் சார்ஜரை மட்டும் செருகி, பொத்தானைத் தட்டுங்கள். உயிர் வந்துவிட்டதா? கணினிமேல் குற்றமில்லை; மீண்டும் பாட்டரியைப் போட்டதும் படுத்துக்கொண்டால், கெட்டது பாட்டரிதான். புதிது வாங்கும் வரை, கரண்ட் இருக்கும் நேரத்தில் சார்ஜரிலேயே ஓட்டலாம்.

விளக்கு எரிகிறது, விசிறியும் சுற்றுகிறது, திரை மட்டும் இருட்டாக இருக்கிறதா? டார்ச் விளக்கைத் திரையில் சாய்த்து அடித்துப் பாருங்கள். மங்கலாக எழுத்துத் தெரிந்தால், திரைக்குப் பின்னாலுள்ள வெளிச்சம்தான் போயிருக்கிறது. ஹெச்.டி.எம்.ஐ. கேபிளால் டி.வி.யுடன் இணைத்தும் பார்க்கலாம், டி.வி.யில் படம் வந்தால் கோளாறு திரைப் பக்கத்தில்தான்.

ஒரே ஒரு விஷயத்தில் மிகுந்த ஜாக்கிரதை வேண்டும். பாட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ கூடாது, சார்ஜ் ஏற்றவும் கூடாது. அது தீப்பிடிக்கக் கூடியது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் வைத்து, கடைக்காரரிடம் ஒப்படையுங்கள். சார்ஜரையும் ஒருபோதும் பிரிக்காதீர்கள். உள்ளே 230 வோல்ட் இருக்கிறது.

இத்தனைக்கும் மசியாவிட்டால் கடைக்குத்தான் போக வேண்டும். அப்போதும் உங்கள் பெண்ணைத் தேற்றுங்கள். சர்டிபிகேட்டும் கல்யாணப் போட்டோவும் இருப்பது ஹார்டு டிஸ்க் என்னும் தனிப் பாகத்தில். அது கெடாதவரை, கணினி செத்தாலும் அவை சாவதில்லை. அதைக் கழற்றி வேறு கணினியுடன் இணைத்து எல்லாவற்றையும் எடுத்துவிடலாம். ஆகையால் கடைக்காரரிடம் முதல் வார்த்தையாக, "எதையும் அழிக்காதீர்கள், செலவு எவ்வளவு என்று சொல்லிவிட்டு வேலை தொடங்குங்கள்" என்று சொல்லுங்கள். எடைக்குப் போடுவதாக இருந்தாலும், டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டே போடுங்கள்.

கணினி பிழைத்து எழுந்துவிட்டால், அன்றைக்கே எல்லாவற்றுக்கும் பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்து, பீரோவில் நகைப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். அடுத்த முறை அது மௌனம் சாதித்தால், வீட்டில் யாரும் கண் கலங்க வேண்டியிராது.