கடனாளிகளா, பிள்ளைகளா?

‘கடன் திருநாள்’ என்னும் சொல்லை நாம் சிறுவயது மறைக்கல்வியிலேயே மனப்பாடம் செய்துவிட்டோம். தமிழில் கடன் என்றால் கடமை. கடன் என்றால் திருப்பிச் செலுத்த வேண்டிய தொகையும்கூட. திருச்சபை கருதியது முதற்பொருளை. நம் உள்ளத்தில் குடியேறியதோ இரண்டாவது. இறைவனை வட்டிக்காரராகவும், திருப்பலியை வாரத் தவணையாகவும், குருவை வசூலுக்கு வருபவராகவும் காணும் சமயமொன்று நம்மிடையே வளர்ந்துவிட்டது. அது கிறிஸ்தவம் அன்று என்று சொல்லவே இதை எழுதுகிறோம்.

மாடம்பாக்கம் போன்ற புறநகரைப் பாருங்கள். வயலும் ஏரியுமாய் இருந்த ஊர் இன்று மனைப்பிரிவுகளாகிவிட்டது. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்தோர் வாடகை வீடுகளில் வாழ்கின்றனர். காவற்பணியாளருக்கு ஞாயிறு ஓய்வு இல்லை. செவிலியருக்கு இரவுப் பணி. படுக்கையில் கிடக்கும் மாமியாரை விட்டு நகர இயலாத ஒரு மருமகள் கோயில் வாசலில் நம்மை நிறுத்தி, “சாமி, மூணு ஞாயிறு பூசைக்கு வர முடியல. சாவான பாவமுங்களா?” என்று நடுக்கத்தோடு கேட்டார். மூன்று வாரம் நோயாளிக்குப் பணிவிடை செய்தவர், தம்மைக் குற்றவாளியாக எண்ணி நின்றார்!

திருச்சபை அவரைக் குற்றவாளி என்கிறதா? இல்லை. 1992-இல் வெளியான மறைக்கல்வி நூல், ஞாயிற்றுக் கடமையைப் பற்றிப் பேசும் இடத்திலேயே, நோயையும் கைக்குழந்தைப் பராமரிப்பையும் தக்க காரணங்களாக ஏற்கிறது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1246-ஆம் விதி பத்துத் திருநாள்களைக் கடன் திருநாள்களாகக் குறிப்பிட்டுவிட்டு, திருத்தூதுப் பீடத்தின் ஒப்புதலோடு அவற்றுட் சிலவற்றை ஆயர் பேரவை நீக்கலாம் என்றும் சொல்கிறது. நாட்டுக்கு நாடு கூட்டவும் குறைக்கவும் கூடிய பட்டியல் மீட்பின் விலையாக இருக்க முடியுமா? சட்டம் அந்தத் தாயை அச்சுறுத்தவில்லை. அச்சுறுத்தியவர்கள் பீடத்தில் நின்று பேசிய நாமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தா பாக்கி இருக்கிறது, சொந்தப் பங்கிலிருந்து கடிதம் வரவில்லை என்று அடக்கச் சடங்கைத் தாமதப்படுத்திய நிகழ்ச்சியை நாம் அறிவோம். பங்கின் பெயர் வேண்டாம். குற்றம் ஒரு பங்கினுடையது மட்டுமன்று. ஏழைகள் தம் வறுமையால் அருட்சாதனங்களை இழக்கலாகாது என்று 848-ஆம் விதி குருக்களையே எச்சரிக்கிறது. அடக்கச் சடங்கைப் பற்றி 1181-ஆம் விதியும் அவ்வாறே கூறுகிறது. மக்கள் மீறினால் பாவம், நாம் மீறினால் நிர்வாகமா?

அந்தியோக்கியாவில் பிற இனத்தாரோடு உணவருந்தி வந்த பேதுரு, யூதேயாவிலிருந்து சிலர் வந்ததும் பந்தியை விட்டு விலகினார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் எதிர்த்தார். ஏன்? சட்டத்தைக் காக்கப் பந்தி பிளவுபட்டால் சிலுவை வீணாகும் என்று அவர் கண்டார். மனிதர் இறைவனுக்கு ஏற்புடையவராவது தம் நற்செயல்களின் தகுதியால் அன்று, அருளால், கிறிஸ்துவின் மீது கொள்ளும் நம்பிக்கையால் என்று நாமும் லூத்தரன் சபையினரும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூட்டாக அறிக்கையிட்டோம். 1706-இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு கரையேறிய நாள் முதல் தமிழ் மண்ணில் எதிரெதிரே நின்று வாதிட்ட இரு சபைகளுக்கு இது சிறிய செய்தியா? எனினும், எத்தனை பங்குகளில் இதைப் பற்றி ஒரு மறையுரையேனும் நிகழ்ந்தது?

“கட்டாயத்தை எடுத்துவிட்டால் கோயில் காலியாகிவிடும்” என்பர் சிலர். அதற்கும் காலம் விடை சொல்லிவிட்டது. 2020 மார்ச்சில் பெருந்தொற்றால் கோயில்கள் மூடப்பட்டன. ஞாயிற்றுக் கடமையிலிருந்து மக்களுக்கு விலக்கும் அளிக்கப்பட்டது. செப்டம்பர் முதல் நாள் தமிழகமெங்கும் வழிபாட்டுத் தலங்கள் திறக்கப்பட்டபோது, முகக்கவசம் அணிந்து இடைவெளி விட்டு அமர்ந்தவர்களை எந்தக் கட்டளை அழைத்து வந்தது? பசியே அழைத்து வந்தது. வராதவர்களோ முன்பும் உடலால் மட்டுமே வந்திருந்தார்கள் போலும். அவர்களை மீண்டும் அழைக்க வேண்டுமெனில் அச்சத்தைத் தூசிதட்டி எடுப்பது வழியாகாது.

அப்படியானால் விரும்பியபோது வரலாம், விரும்பாதபோது உறங்கலாம் என்பதா? இல்லவே இல்லை. தந்த உரிமையை ஊனியல்பின் சாக்காக்க வேண்டாம், அன்பினால் ஒருவருக்கொருவர் அடிமையாகுங்கள் என்றே பவுல் கலாத்தியருக்கு எழுதினார். அன்பு கட்டளையைவிட அதிகம் கேட்கும். கட்டளை ஞாயிற்றில் ஒரு மணி நேரத்தோடு நிறைவடைந்துவிடும். அன்போ திங்கட்கிழமையும் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டச் சொல்லும். அந்த மாமியாரின் அருகே பங்கு மக்களில் ஒருவர் ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தால் அந்த மருமகள் பூசைக்கு வந்திருப்பார். அவரிடம் கணக்குக் கேட்க நாம் யார்? கணக்குச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

ஊதாரி மைந்தனின் உவமையில் வீட்டுக்கு வெளியே நின்றவர் மூத்தவர். ஒரு கட்டளையையும் மீறாதவர். எல்லாவற்றையும் எண்ணி வைத்தவர். விருந்து நடந்தது, அவர் முற்றத்தில் நின்றார். தந்தையோ அவரையும் அழைக்க வெளியே வந்தார். கணக்கேட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நிற்கிறோமே, நாம் எப்போது உள்ளே நுழைவது?