ஈடன் கார்டன்ஸில் 4 சிக்ஸர்: கடைசி ஓவரில் யார்க்கர் ஏன் முக்கியம்?

2016 ஏப்ரல் 3, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். டி20 உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் கடைசி ஓவரில் வெஸ்ட் இண்டீஸுக்குத் தேவை 19 ரன். பென் ஸ்டோக்ஸ் வீசிய முதல் 4 பந்தையும் கார்லோஸ் பிராத்வெய்ட் சிக்ஸருக்குத் தூக்கினார். கோப்பை இங்கிலாந்தின் கையை விட்டுப் போனது.

வெறும் பலம்தான் காரணமா? ஸ்கூல்ல படிச்ச ஃபார்முலாவைக் கொஞ்சம் ஞாபகப்படுத்திக்கோங்க:

தூரம் = வேகம்² × சைன்(2 × கோணம்) ÷ 9.8

பந்து 75 மீட்டர் பறக்கணும்னா, மட்டையிலிருந்து கிளம்பும்போது தேவைப்படும் வேகம் இது:

• 45 டிகிரி கோணத்தில்: மணிக்கு 98 கி.மீ.
• 30 டிகிரியில்: 105 கி.மீ.
• 10 டிகிரியில்: 167 கி.மீ.

காற்றின் தடையையும் சேர்த்தால், மூன்றுமே இன்னும் கூடும்.

யார்க்கரின் வேலை இங்கேதான். காலடியில் விழும் பந்துக்கு அடியில் மட்டையைக் கொண்டுபோக இடமே இருக்காது. கோணம் குறையும், அதே பலத்தில் அடித்தாலும் பந்து எல்லையைத் தாண்டாது. ஸ்டோக்ஸ் தேடியதும் யார்க்கரைத்தான். லெங்த் கொஞ்சம் தவறியது, பிராத்வெய்ட்டுக்குக் கோணம் கிடைத்துவிட்டது.

அடுத்த முறை டெத் ஓவர் பார்க்கும்போது, ஸ்பீடு எவ்வளவுன்னு மட்டும் பார்க்காதீங்க. பந்து எங்கே விழுதுன்னும் பாருங்க.